வெங்காயத்தோல் கலர்

கலர் மாஸ்டர் வீடு என்றால் அறைக்கு ஒரு நிறமாக ஜொலிக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கூடம் சாம்பல். படுக்கையறை சாம்பல். சமையலறை, புகை படிந்தால் தெரியக் கூடாது என்று, இன்னும் கொஞ்சம் அழுத்தமான சாம்பல். குளியலறைக் கதவைத் திறக்கும்போது இங்கேயாவது வேறு ஏதாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை வரும். அதுவும் சாம்பல்தான்.

சாய ஆலையில் ஷேடு பார்க்கிற வேலை அவருக்கு. சாயம் ஏற்றிய துணியில் ஒரு துண்டு வெட்டி அவர் மேசைக்கு வரும். வாங்குகிறவன் மாதிரிக்கு அனுப்பிய துண்டும் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரித் தெரியும் இரண்டு துண்டுகளை ஜன்னலோரம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் தூக்கலா இருக்கு, எடுத்துட்டுப் போ" என்பார். மொத்தத் துணியும் திரும்பச் சாயத் தொட்டிக்குப் போகும். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அவர் சொன்னது சொன்னதுதான். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். ஆனால் அவர் தட்டிக் கழித்த துணியில் கால் எண்ணியவர்களுக்கு மூன்றுதான் வந்தது.

நிறம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும். துண்டில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மீதியை வெயிலில் காயப் போட்டு, நாள் கணக்கில் காத்திருந்து தாளைப் பிரித்துப் பார்ப்பார். மூடிய பாதியும் மூடாத பாதியும் ஒரே மாதிரி இருந்தால் "நிக்கும்". இல்லையென்றால் "நிக்காது". வாழ்க்கையில் அவர் அதிகமாகப் பேசியது இந்த இரண்டு வார்த்தைகளைத்தான். ஆலையோடு விட்டிருந்தால் தேவலை. உறவுக்காரர் யாராவது புதுத்துணி உடுத்தி வந்தால், நல்லா இருக்கிறது என்று ஒரு வாய் சொல்ல மாட்டார். ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ துவைச்சுட்டு வந்து காட்டு" என்பார். அதற்குப் பயந்தே பெண்கள் அவர் கண்ணில் படாமல் நேராகச் சமையலறைக்குள் போய்விடுவார்கள். அங்கே அவர் மனைவி இருப்பாள். துணியைத் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள்.

அவள் வீட்டிலேயே தையல் தைத்தாள். சட்டை, பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை என்று அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. இந்த வீட்டுக்கு முதல் முதலாக வர்ணம் அடிக்கிற பேச்சு வந்தபோது மட்டும் ஒன்று கேட்டாள்.

"உள் ரூமுக்கு மட்டும் வெங்காயத்தோல் கலர் அடிக்கலாமாங்க?"

கையில் ஒரு துண்டுத் துணி இருந்தது. யாருக்கோ தைத்துக் கொடுத்ததில் மிஞ்சிய ஓரம். வெங்காயத்தை உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு தோல் வருமே, சிவப்பு என்றும் சொல்ல முடியாமல், ரோஸ் என்றும் சொல்ல முடியாமல், வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகப் பொன்னிறம் காட்டிக்கொண்டு. அந்த நிறம்.

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். "சிவப்பு சேந்த வெளிர் கலர் எதுவும் நிக்காது" என்றார்.

இருந்தாலும் நியாயஸ்தர். சோதிக்காமல் ஒன்றைத் தள்ளிவிட்டார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க மாட்டார், பெண்டாட்டி கேட்டதாக இருந்தாலும் சரி. அந்த நிறத்தில் கொஞ்சம் பெயிண்ட் கலக்கச் சொல்லி, ஒரு பலகையில் அடித்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தார். வெயில் காலம் முழுவதும் அது அங்கேயே காய்ந்தது. பிறகு கீழே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துத் தாளைப் பிரித்தார். மூடிய பாதி வெங்காயத்தோல். மூடாத பாதி, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பாத்தியா?" என்றார். அதில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

"ஆமாங்க" என்றாள் அவள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். பேச்சு அதோடு முடிந்தது. வீடு முழுக்கச் சாம்பல் ஏறியது.

அந்தச் சாம்பல் நின்றது. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மகள் நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போய், கல்யாணமாகி வேற்றூர் போகிற வரைக்கும் அப்படியே நின்றது. விருந்தாளி யாராவது வந்து மாட்டிக்கொண்டால், "ஒரு கை பிடிங்க" என்று கூடத்து அலமாரியை நகர்த்தச் சொல்வார் மாஸ்டர். மூச்சு வாங்க நகர்த்திய பிறகு, அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரையும் வெளியே இருந்த சுவரையும் காட்டுவார். "வித்தியாசம் தெரியுதா?" தெரியாது. "அதான்" என்பார். அலமாரியைத் திரும்பத் தள்ளி வைக்கவும் அவர்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

அப்படியே இன்னும் பல காலம் போயிருக்கும். கெடுத்தது குழாய். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த சமயத்தில், குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவருக்குள் குழாய் ஒழுகி, கூடத்துப் பக்கம் ஈரம் பூத்தது. குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்தார், குழாயை மாற்றினார், சிமெண்ட் பூசினார், போய்விட்டார். நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஒட்டு.

பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும், பேச்சில் கெட்டிக்காரர். வேலையிலும் மோசமில்லை. ஆனால் பழைய சாம்பலைக் கம்பெனியில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றைக் கலந்து ஒட்டின்மேல் அடித்தார்.

"நீலம் ஏறியிருக்கு" என்றார் மாஸ்டர்.

இன்னொன்று கலந்தார்.

"இப்ப பச்சை எட்டிப் பாக்குது."

மூன்றாவது தடவைக்கும் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கியபோது பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்தார். "மாஸ்டர், சோபாவ இழுத்து இப்படிப் போட்டா யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. வீடு பூரா புதுசா அடிச்சிடுங்க. இல்லன்னா என்ன விட்டுடுங்க. எனக்கும் குடும்பம் இருக்கு."

அன்று மாலை மகளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னார். பெயிண்டருக்குக் கண் சரியில்லை என்று மகளும் ஒத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள்.

"வீடு பூரா அடிச்சிடுங்கப்பா. ஆனா ஒண்ணு, இந்தத் தடவ கலர நீங்க சொல்லாதீங்க. அம்மாவக் கேளுங்க."

"ஏன், இந்தக் கலருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மழை மேகத்துக்குள்ளயே பொறந்து வளந்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அம்மா எப்பவாவது 'எனக்கு இது வேணும்'னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கேட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். நினைவுக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டார்.

உண்மையில் மகள் சொல்வதற்கு முன்பே அது அவரை அரித்துக்கொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போன காலத்தில் விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மனைவியைப் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்தாற்போல் பார்க்கக் கிடைத்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். விரல் மரத்துப் போக ஆரம்பித்து, டாக்டர் வேண்டாம் என்றதால், அவள் தையலை விட்டும் மெஷினை மகளிடம் கொடுத்தும் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நாளெல்லாம் இருவரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். டீயா காப்பியா என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன" என்பாள். கடைத்தெருவுக்குப் போகலாமா, வீட்டிலேயே இருக்கலாமா என்றால், "உங்களுக்கு எப்படியோ அப்படி." கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். ஒன்றுமே வேண்டாத மனுஷியை என்ன செய்வது? அவள் வாயால், எனக்கு இது வேணும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சுவர் அதற்கு நல்ல சாக்காக அமைந்தது.

மறுநாள் அவளைப் பெயிண்ட் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் ஷேடு கார்டுகளை விசிறி மாதிரி விரித்து வைத்தார்.

"நீயே எடு. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர். கைகளைக்கூடப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழுத்த மாம்பழ மஞ்சள் ஒன்றின்மேல் விரல் நின்றது. மாஸ்டர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"இது நிக்குமாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"நல்லா நிக்கும்மா. கம்பெனி உத்தரவாதம் இருக்கு."

"ஈரத்துணியால தொடச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"அலமாரி மறைச்ச இடமும் மறைக்காத இடமும் ஒரே மாதிரி இருக்குமா? கொஞ்ச வருஷம் போனாலும்?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா விவரமா கேக்கறாங்களே. என்ன வேலையில இருந்தீங்க?"

"இவரோட வீட்ல இருந்தேன்" என்றாள்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தாள். மஞ்சளை விட்டு நகர்ந்த விரல், பச்சையில் கொஞ்சம் தயங்கி, நீலத்தைத் தாண்டி, கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா? சாம்பலில்.

"இதே இருக்கட்டுங்க. பழகிடுச்சு."

"அவசரமில்ல. வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்" என்று மாஸ்டர் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். கார்டை மட்டும் வாங்கி வந்தார். வழியில் அவள் காய்கறி வாங்க வேண்டும் என்று நினைவூட்டினாள்.

இதற்கிடையே பெயிண்டர் கூடத்துச் சுவருக்குப் பட்டி தடவித் தேய்த்துத் தயாராகிவிட்டார். மாஸ்டரும் அவளும் முடிவு செய்வதாகத் தெரியவில்லை. சரி, நாமே நாலு நிறத்தைக் காட்டினால் ஒன்றில் விழுவார்கள் என்று, சின்னப் பலகைகளில் நிறங்களை அடித்து மொட்டை மாடியில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். துவைத்த துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடியேறிய மாஸ்டர் அதைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"என்னப்பா இது? உள் சுவருக்கு அடிக்கற கலர யாராவது மொட்டை மாடி வெயில்ல கொண்டாந்து வெப்பாங்களா? இந்த வெயில் ரூமுக்குள்ள வருமா? இங்க வெச்சா எதுதான் வெளுக்காது? எந்த மடையனாவது..."

அதற்கு மேல் வரவில்லை.

"காயறதுக்குத்தான் வெச்சேன் மாஸ்டர்" என்றார் பெயிண்டர். "காஞ்சதும் கீழ கொண்டு வந்துடுவேன்."

மாஸ்டர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். அதே சுவர். அந்த உள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். வெளிச்சம் வரும். வெயில் என்பது அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆலையில் அவர் துணியை வெயிலில் வைத்தார் என்றால் அது நியாயம், துணி தெருவுக்குப் போகும், கொடியில் தொங்கும். சுவர் எங்கே போகும்? அவள் கேட்ட நிறத்தை, அது ஒருநாளும் பார்க்கப் போகாத வெயிலில் நிறுத்தி வைத்து, தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் தனக்கு மட்டுமா அடி, கீழே நிற்கிறவர்களுக்கும்தானே. தெரியாதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். இது அவருடைய தொழில்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். கையில் மாதிரித் துணியும் இல்லை, பலகையும் இல்லை. ஆனால் ஒரு நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அவர் கண் அதை மறக்காது. வெள்ளையில் சிவப்பைச் சொட்டவிட்டுக் கலக்கச் சொன்னார். "கொஞ்சம் மண் மஞ்சள்." கலக்கினார்கள். "இன்னும் ஒரு சொட்டு. போதும் போதும். இப்ப கறுப்பு, ஊசி முனையளவு." விரலில் தொட்டுக் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்ப உள்ளே போனார். கடைக்காரர் பொறுமையானவர், அன்றைக்கு அதுவும் தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது. கடைசியில் விரலில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்து மாஸ்டர் தலையை ஆட்டினார். வெங்காயத்தோல்.

வீட்டுக்கு வந்து, தானே பிரஷைப் பிடித்து, உள் அறையில் கதவுக்கு நேரெதிரே, ஜன்னல் இருந்த சுவரில் ஜமக்காள அகலத்துக்கு அடித்தார். அறையில் இப்போது பழைய பெட்டிகளும் மடக்குக் கட்டிலும்தான் கிடந்தன. காயும்வரை வாசலிலேயே காவல் நின்றார். பிறகு சமையலறைக்குப் போய், "இங்க வா கொஞ்சம்" என்றார். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு குரலில் கூப்பிட்டதில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதேதான்" என்றாள். "அந்தத் துணி கலர். எப்படிங்க ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

மாஸ்டர் ஜன்னலைக் கை காட்டினார். "மாடியில வெச்சுப் பாத்தது தப்பு. இந்த ரூமுக்கு வெயிலே வராது. இது இங்க நின்னிருக்கும்."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"நீங்க பலகையத் தூக்கிட்டு மாடியேறினீங்களே, அப்பவே தோணுச்சு. ரூமுக்குள்ள அடிக்கறத எதுக்கு வெயில்ல வெக்கறாருன்னு."

"ஏன் சொல்லல?"

"கலரப் பத்தி உங்ககிட்டப் போய் நான் என்னத்தச் சொல்ல?"

பொறுத்துக்கொண்டார். "சரி, போகட்டும். இப்ப சொல்லு. வேணும்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே ரூம் பூரா அடிச்சிடலாம்."

அவள் உள்ளே வந்தாள். அவர் அடித்த சுவரை விட்டுவிட்டு, வலப்பக்கத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் கேட்டது இந்தச் சுவருக்குங்க. ரூம்னு சொன்னேன், நெனச்சது இதத்தான்."

"இதுல என்ன?"

"தைக்கறவங்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்துலேந்து விழணும். இல்லன்னா கை நிழல் ஊசிமேல விழும். இந்த ரூம்ல ஜன்னல் இடது பக்கம் வர்ற மாதிரி மெஷினப் போட்டா, இந்தச் சுவரப் பாத்துத்தான் உக்காரணும். வேற வழியில்ல." அவள் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை, தையல் கற்றுக்கொள்ள வந்தவளுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "காலையில நீங்க போனதும் உக்காருவேன். நீங்க வர்றதுக்குள்ள மெஷின மூடிட்டு அடுப்புகிட்டப் போயிடுவேன். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கழுத்து நோவுறப்பல்லாம் நிமிந்து பாப்பேன். நிமிந்தா இந்தச் சுவர்தான். எதிர்ல கண்ணுக்கு நல்லதா ஒண்ணு இருந்தா, ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திரும்பக் குனியலாம்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கேட்டேன்."

மாஸ்டர் அந்த வீட்டில் எத்தனையோ தடவை அந்த அறைக்குள் வந்திருக்கிறார். மூடி போட்ட மெஷினைத்தான் பார்த்திருக்கிறார். அதன் முன்னால் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"எதுக்குன்னு சொல்லியிருந்தா..."

"அடிக்கலாமான்னு கேட்டேன். எதுக்குன்னு நீங்க கேக்கல. நிக்குமான்னுதான் பாத்தீங்க."

மாஸ்டர் கடைசித் துரும்பைப் பிடிக்கிறவர் மாதிரி, "ஒருவேள இங்கயும் மங்கிப் போயிருந்தா?" என்றார்.

"மங்கட்டுமே. நான் பாத்துப் பாத்துத் தேஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டுப் போறேன்." சிரித்தாள். அழகாகத்தான் சிரித்தாள். அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. "இன்னொரு கோட் அடிச்சா ஆச்சு. அதுக்கா பெயிண்டுக்குப் பஞ்சம்?"

"இப்பவும் அடிக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகல."

"இப்ப இங்க யாருங்க உக்காரப் போறா? பெட்டியா பாக்கப் போகுது?" மடக்குக் கட்டிலின்மேல் இருந்த தூசியை விரலால் வழித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பெட்டியத் தொறந்தா உள்ள என்ன இருக்குன்னே தெரியல, அவ்வளவு மங்கலா இருக்கு. என்னக் கேட்டா, எனக்கு இங்க வெள்ளைதாங்க வேணும். நல்லாப் பளிச்சுனு."

கேட்டுவிட்டார். எனக்கு வேணும் என்று அவள் வாயால், அவர் ஆசைப்பட்டபடியே கேட்டுவிட்டார். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த நினைவு அவளுக்கு வர, அவள் போய்விட்டாள். மாஸ்டர் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஐயோ என்று இருந்தது அவருக்கு. சண்டை போட்டிருந்தாலாவது, இத்தனை வருஷம் என்று கணக்குக் கேட்டிருந்தாலாவது, பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

மறுநாள் பெயிண்டர் வெள்ளையோடு வந்தார். மாஸ்டர் அடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்து, "அடடா, அருமையான கலராச்சே. இதையா மூடச் சொல்றீங்க?" என்றார்.

"மூடு" என்றார் மாஸ்டர். "வீட்டுக்காரம்மா சொல்லியாச்சு."

முதல் கோட்டிலேயே வெங்காயத்தோல் போய்விட்டது. மற்ற மூன்று சுவர்களையும் முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் பார்க்கலாம் என்று பெயிண்டர் தெருமுனைக்குப் போனார். வலப்பக்கத்துச் சுவர் மட்டும் பாக்கி. மாஸ்டர் ஒரு முக்காலியை இழுத்து, ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரிப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்தார். மடியில் துணி இருப்பதுபோல் குனிந்தார். கழுத்து வலிக்கிறவரை குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

சாம்பல். நூல் பிசகாமல், கறை பிடிக்காமல், ஓர் இடம் கூட வெளுக்காமல், முதல் நாள் அடித்த மாதிரியே நின்றது. திரும்பவும் குனிந்தார், திரும்பவும் நிமிர்ந்தார். அதேதான். இன்னொரு தடவை குனிய அவரால் முடியவில்லை. பெயிண்டர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டார்.